வண்ணப் பாம்பும் வினைப்பயனும்

உயிர்கள் அனாதி, அவற்றைப் பிணித்த ஆணவ மலமும் அனாதி. அவ்வுயிர்கள் மலப்பிணி நீங்கி உய்தற்பொருட்டு, மாயையினின்றும் உடல், கருவி, உலகு, நுகர்ச்சி என்பவற்றை அவ்வவற்றின் வினைக்கீடாக இறைவன் கூட்டுவிக்கின்றான் என்பது சைவசித்தாந்த நூல்களின் துணிபு. இத்துணிபினைக் கேட்டார் பலரும் ஒப்புகின்றனராயினும், உலகியலில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்துழி அதனை இத்துணிபோடு பொருத்திக் காண்டற்கண் இடர்ப்படுகின்றனர். ஓர் உயிர் படுந் துன்பம் அவ்வுயிரின் வினைப்பயனே யாயின், அத்துன்பம் நேர்தற்கு வாயிலாய் நின்றவனுக்குக் குற்றம் யாது என்னும் வினா அவ்விடர்ப்பாடுகளுள் முதன்மையானது. இதனை ஆராய்தற்கு ஏற்றதோர் உதாரணம் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தோன்றிப் பிற நாடுகளிலும் பரவியுள்ள ஒரு வழக்கத்தின்கண் உளது. பாம்பினை வீட்டில் வைத்து வளர்த்து, அதன் மேனி வண்ணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வேறுபடுத்தும் வழக்கமே அது.

அப்பாம்பு மக்காச்சோளப் பாம்பு எனப் பெயர் பெற்றது. மக்காச்சோளக் கதிர்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியங்களில் எலி தேடி வருதலால் அப்பெயர் வந்தது என்பர் ஒருசாரார். அதன் வயிற்றுப்புறத்திலே கருமையும் வெண்மையும் கட்டங் கட்டமாக அமைந்து பலநிற மக்காச்சோள மணிகளை ஒத்திருத்தலால் வந்தது என்பர் மற்றொருசாரார். லின்னேயஸ் என்னும் இயற்கைநூற் புலவர் 1766-ஆம் ஆண்டில் இதற்கு நூல்வழக்கிற்குரிய பெயர் சூட்டினார். இது நஞ்சில்லாதது, எலி முதலியவற்றைச் சுற்றிப் பிணித்து இறுக்கிக் கொன்று விழுங்குவது, பெரும்பாலும் மூன்றடி முதல் ஐந்தடி வரை நீள்வது. அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதியில், வடக்கே நியூ ஜெர்சி தொடங்கித் தெற்கே புளோரிடாவின் முனைக்கு அப்பாலுள்ள கீ தீவுகள் ஈறாக இது வாழ்கின்றது. தீங்கு செய்யாமையும், எளிதிற் பழகுதலும், கூட்டில் வைத்துழி முட்டையிட்டு இனம் பெருகுதலும் உடைமையின் வளர்ப்போர் பலரும் இதனை விரும்புவாராயினர்.

இப்பாம்பின் வண்ணம் வாழும் இடத்திற்கேற்ப வேறுபடுகின்றது. தென் கரோலினா நாட்டின் ஜாஸ்பர் வட்டாரத்தில் ஓக்கீட்டி வேட்டைக் கழகத்தார்க்குரிய நிலத்திலும் அதன் சூழலிலும் காணப்படுவன, கிச்சிலிப் பழத்தின் நிறம் வாய்ந்த மேனியில் ஆழ்ந்த செந்நிறத் திட்டுக்களும், அத்திட்டுக்களைச் சுற்றி மைதீட்டினாற் போன்ற அகன்ற கருங்கரையும் உடையன. நியூயார்க்கு நகரத்து ஸ்டேட்டன் தீவு விலங்குக்காட்சிச் சாலையிற் பணிபுரிந்த கார்ல் காப்பெல்ட் என்பார் பாம்பு வேட்டையைப் பற்றி 1957-ல் வெளியிட்ட நூலினால் இவை பெரும்புகழ் எய்தின. புளோரிடாவின் தெற்கே மயாமி நகரின் பாங்கர் வாழ்வன சாம்பல் நிற மேனியிற் செந்திட்டுக்கள் உடையன. கீ தீவுகளில் வாழ்வனவற்றிற்குக் கருமை மிகக் குறைந்து மேனி வெளிறியிருக்கும். புளோரிடாவின் தென்மேற்கே, செந்நிறம் அறவே இன்றிக் கருமையும் சாம்பல் நிறமும் மாத்திரமே உடையன காட்டிலேயே காணப்படுகின்றன. மேற்கே லூசியானாவின் பைன் மரக்காடுகளில் உள்ளன பழுப்பும் சாம்பலும் கலந்து மங்கியவை. இவற்றை 2002-ல் வேறோர் இனமாகப் பிரித்து, அதற்கு முந்திய ஆண்டிற் பர்மாவிற் கட்டுவிரியன் தீண்டி இறந்த ஜோசப் சுலோவின்ஸ்கி என்னும் ஆராய்ச்சியாளரின் பெயரை இட்டனர். இவ்வேறுபாடுகளுள் ஒன்றனையும் மக்கள் செய்திலர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, மக்கள் கை புகுந்தபின் நிகழ்ந்தது வருமாறு. 1953-ஆம் ஆண்டில் வட கரோலினாவிற் கருநிறம் அறவே இல்லாத ஆண்பாம்பொன்று பிடிபட்டது. கண்ணும் சிவந்து, கருங்கரையும் இன்றிச் செம்மையும் வெண்மையுமாய் அது விளங்கிற்று. தோல்நோய் மருத்துவராகிய பெக்டெல் என்பாரும் அவர் மனைவியாரும் இப்பண்பு வழிவழி வருமாற்றினை இனச்சேர்க்கையால் ஆராய்ந்து 1962-ல் வெளியிட்டனர். கருமையற்ற பாம்பை அப்பண்பு சிறிதுமில்லாத இயல்பான பாம்போடு சேர்ப்பின், பிறக்குங் குட்டிகள் யாவும் இயல்பான நிறமே உடையனவாம். அக்குட்டிகள் வளர்ந்து தம்முட் சேருமாயின், அவற்றின் வயிற்றிற் பிறப்பனவற்றுள் ஏறக்குறைய நாலில் ஒன்று பாட்டனைப் போலக் கருமையின்றித் தோன்றும். பட்டாணிச் செடிகளை வளர்த்து மெண்டல் என்னும் துறவியார் 1866-ல் வெளியிட்ட விதியே இதுவுமாம். இவ்வாறே கருமையின்மையும் செம்மையின்மையும் ஆகிய இரண்டனையும் மறைவாகத் தாங்கிய இரு பாம்புகள் சேருமாயின், பதினாறில் ஒன்று அவ்விரண்டும் இன்றி வெண்மேனியோடு பிறக்கும். அதனைப் பனி என்னும் பெயரால் வழங்குவர். இங்ஙனம் ஒன்றோடொன்று கூட்டி வளர்ப்போர் இன்று பெயரிட்டு வழங்கும் வண்ண வேறுபாடுகள் பல நூற்றின் மேற்பட்டன.

இந்நிகழ்ச்சி சித்தாந்தத்தின் சற்காரியவாதத்தை மறுப்பதன்று, விளக்குவதே யாம். காரியம் காரணத்தின்கண் நுண்ணிதாய் முன்னரே உளதாய், ஏற்ற துணை கூடியவழிப் புலப்படுவது என்பது அவ்வாதத்தின் பொருள். இடைத்தலைமுறைப் பாம்பின் மேனியிற் கருங்கரை நிறைவாக உளது. காண்பார்க்கு அதன்கண் வேறுபாடு சிறிதும் புலனாகாது. ஆயினும் அதன் முட்டையினின்றும் கருமையற்ற குட்டி வெளிப்பட்டது. இடைநின்ற பாம்பினிடத்து அப்பண்பிற்குரிய வித்து இல்லையெனின், பேரனிடத்து அஃது எங்ஙனம் வந்தது? ஆகலின், காணப்படாமை ஒன்று, இன்மை மற்றொன்று என்பது தெளியப்படும். உருவம் தோன்றாதபோதும் பண்பு வித்தாய் நிற்றல் போலவே, நுகரப்படாத வினையும் சஞ்சிதமாய் நின்று காலம் வாய்த்துழிப் பயன் தரும் என உய்த்துணர்க.

அற்றேல், 1953-ஆம் ஆண்டிற் பிடிபட்ட பாம்பின் முன்னோருள் ஒன்றனிடத்தே இப்பண்பு முதன்முதல் தோன்றியிருத்தல் வேண்டுமன்றோ, அஃது இல்லது தோன்றியதாகாதோ எனின், ஆகாது. கருமையற்ற இப்பாம்பின் மரபணுக்களை ஆராய்ந்தோர் 2015-ல் அதன் காரணத்தை வெளியிட்டனர். கருநிறம் உண்டாதற்கு இன்றியமையாத மரபணுவொன்றன் இடையே, தன் படியைத் தானே ஆக்கி இடம் பெயரும் இயல்புடைய வேறொரு மரபுத் துண்டு நுழைந்திருத்தலால் அம்மரபணுவின் தொழில் தடைப்பட்டது என்பது அவர் கண்ட முடிபு. நுழைந்த துண்டும் புதிதன்று. அவ்வுயிரினத்தின் மரபுத் தொகுதியிலேயே உள்ளதொன்று. இனி, அப்பாம்பின் செம்மையும் புதிதன்று. கருமை நீங்கியவழி, அதனொடு முன்னரே உடனிருந்த செம்மை விளங்கித் தோன்றிற்று. வெண்பாம்போ எனின், கருமை செம்மை என்னும் இரண்டும் கழிந்தவழி எஞ்சியது. ஆகலின் இவ்வளர்ப்போர் கூட்டியதாகக் கருதப்படும் அழகு உண்மையிற் கழித்தலால் வந்ததேயன்றி ஆக்கலால் வந்ததன்று. தோலின் கருமை இங்ஙனம் நீங்குதல் கொண்டு உயிரின் ஆணவ இருளும் இவ்வாறே நீங்கும் எனக் கருதுதல் பிழையாம். வெண்பாம்பின் உயிரும் கரும்பாம்பின் உயிரும் அவ்விருளால் ஒரு தன்மையவே.

இதுகாறுங் கூறியவாற்றால் வளர்ப்போன் படைப்போன் அல்லன் என்பது போதரும். குடத்திற்கு மண் முதற்காரணமும், திகிரி துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆதல்போல, உடலுக்கு மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், சிவபெருமான் நிமித்தகாரணமும் ஆவர். வளர்ப்போனை ஈண்டுக் குயவனோடு ஒப்பிடல் பொருந்தாது. அவன் முட்டையினுள்ளே ஒரு செதிலையும் புனைந்திலன். எவ்வுயிர் எம்முட்டையிற் புகும் என்பதனையும் அறிந்திலன். அவன் செய்தன மூன்றே: இன்ன ஆணும் இன்ன பெண்ணும் சேர்க எனத் தெரிந்தான், இட்ட முட்டைகள் ஏறக்குறைய இரண்டு திங்களிற் பொரிதற்கு வேண்டும் வெம்மையும் ஈரமும் அமைத்தான், பிறந்தனவற்றுள் வேண்டியதனைக் கொண்டு வேண்டாததனை விலக்கினான். விதைத்த உழவன் முளையினைப் படைத்தானல்லன். ஆயினும் நெல்லை விதைத்தானா, நெருஞ்சியை விதைத்தானா என்னும் வினாவிற்கு அவனே விடை கூறுதற்குரியன்.

படைத்தல் தனக்கில்லை என்றமையான் பொறுப்பும் தனக்கில்லை என ஒருவன் கொள்ளுமிடமே ஈண்டு ஆராயத்தக்கது. வளர்ப்போர் பெரிதும் விரும்பிய ஒரு வண்ணவழியின்கண் பிறந்த மக்காச்சோளப் பாம்புகளிற் சில ஒரு குறையோடு தோன்றின. அவற்றின் தலை தானே மேனோக்கி நிமிரும்; உடல் நிலைகொள்ளாது தடுமாறும்; சில மல்லாந்து புரளும். வானத்து மீன்களை நோக்குவன போலத் தோன்றலின், விண்மீன் நோக்கி என்னும் அழகிய பெயரை இக்குறைக்கு இட்டனர். பெயர் அழகியதாயினும் பட்ட உயிர்க்கு அது நோயே. இக்குறையும் கருமையின்மை போலவே மறைந்து வருவது. தாய் தந்தை இரண்டும் நலமுடையன போலத் தோன்ற, குட்டிகளுள் நாலில் ஒன்று இக்குறையோடு பிறக்கும். மேற்காப்பிரிக்காவினின்றும் கொணரப்பட்ட சிறு மலைப்பாம்பின் இனத்தில் நிகழ்வது இதனினும் இரங்கத்தக்கது. அவ்வினத்துள், சிலந்தி நூல் பரந்தாற் போன்ற மெல்லிய கருங்கோடுகளை உடைய ஒரு வகையைப் பெருக்கினர். அவ்வகைப் பாம்புகள் தலை நடுங்கி, இரையைக் குறித்துப் பாயுங்கால் இலக்குத் தவறுவனவாயின. அவற்றின் உட்செவியில், உடலை நிலைநிறுத்தற்குரிய உறுப்புக்கள் உருமாறியிருத்தலை 2022-ல் ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டனர். விண்மீன் நோக்கிக் குறையை வண்ணத்தினின்றும் பிரித்தல் கூடும். சிலந்தி வகையிலோ கோலமும் நடுக்கமும் ஒன்றையொன்று விட்டு நீங்காது உடன் வருகின்றன.

பாம்பிற்கு வந்த நோயை இத்துணை எண்ணுதல் வேண்டுமோ எனக் கருதற்க. மணிவாசகப்பெருமான் சிவபுராணத்திற் பிறந்திளைத்த பிறப்புக்களை எண்ணுமிடத்துப் பாம்பினையும் உடனெண்ணினார். ஈண்டுச் செதிலுடம்பில் இருப்பதும், மக்களுடம்பில் இருந்து அதனை நோக்குவதும் ஒரு தன்மைத்தாய உயிரே. கருவிகளின் விரிவும் சுருக்கமுமே வேறுபாடு.

இனித் தடை கூறுவார் கூறுமாறு: 'வினைக்கீடாகவே உடல் வருமென்பது நும் கொள்கை. நடுங்குந் தலையோடு பிறந்த உயிர் அவ்வுடலுக்குரிய வினையை முன்னரே ஈட்டியது. வளர்ப்போன் அவ்வினைப் பயன் வருதற்கு வழியாயினன், அவ்வளவே. மழைநீர் வரும் வாய்க்காலுக்குக் குற்றங் கூறுவார் உளரோ?' என்பது. இது போலியாகும். வாய்க்கால் சடம், அறியாது, விரும்பாது. வளர்ப்போன் அறிவும் விழைவும் உடையன். அவன் மனத்தால் நினைந்து, வாக்கால் விலைபேசி, காயத்தாற் செய்தான். நுகர்வோன்மாட்டுப் பிராரத்தமாய்க் கழியும் ஒரு செயல், செய்வோன்மாட்டு ஆகாமியமாய் ஏறும். ஒன்றன் பழங்கடன் தீர்தலும் மற்றொன்றன் புதுக்கடன் பிறத்தலும் ஒரே நிகழ்ச்சியில் ஒருங்கே நிகழ்தல் கூடும். முன்னது பின்னதனைத் தடுக்கமாட்டாது.

அன்றியும், படுவோனது வினை செய்வோனைக் காக்குமெனின், உலகிற் குற்றமே இல்லையாய் முடியும். கொலையுண்டான் தன் வினையால் இறந்தான். பொருளிழந்தான் தன் வினையால் இழந்தான் என்று கொலைஞனும் கள்வனும் தப்புவர். அறமும் உடன் அழியும். பசித்தவனுக்கு உணவிட்டவழி அவனும் தன் நல்வினையாலேயே உண்டானாகலின் இட்டவனுக்குப் புண்ணியம் இல்லையாகும். ஆகவே ஆகமங்கள் விதித்த கொல்லாமை, ஈகை, இரக்கம் யாவும் பயனிலவாய் ஒழியும். வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கும் தன் செயலைத் திருத்தற்கும் பயன்படற்குரியது. பிறன் துன்பத்தைக் கண்டு வாளா இருத்தற்கன்று.

அஃதேல், உயிர்க்குத் துன்பவுடலைக் கூட்டும் இறைவனுக்கும் அக்குற்றம் வாராதோ எனின், வாராது. வினை சடமாகலின் தானே சென்று பயன் தரமாட்டாது. உயிர்களின் வினையளவையும் மலத்தின் பக்குவத்தையும் முற்றுணர்ந்த முதல்வன், தனக்கென ஒரு பயனும் வேண்டாது, அவ்வுயிர் உய்தல் ஒன்றே குறித்துக் கூட்டுகின்றான். வளர்ப்போன் அவ்வுயிரின் வினையளவை அறியான். அதன் உய்தியைக் கருதினானும் அல்லன். தன் கண்ணின் இன்பத்தையும் கைப்பொருளையுமே கருதினான். அரசனது ஆணையால் ஒறுக்கப்படற்குரிய ஒருவனை வழிப்போக்கன் தானே தெருவில் வெட்டுவானாயின், வெட்டுண்டவன் ஒறுக்கத்தக்கவன் என்பது கொண்டு வழிப்போக்கன் கொலைப்பழியினின்றும் நீங்கான். ஆணை உடையானும் ஆணை இல்லானும் தம்முள் ஒவ்வார்.

இத்தடையினும் வலியதொன்றை மேனாட்டு மெய்ந்நூலார் எழுப்புவர். 'இச்சேர்க்கை நிகழாதிருப்பின் இக்குறையுடைய பாம்பு பிறந்தே இராது. வேறு சேர்க்கையாற் பிறப்பது வேறொரு பாம்பு. ஆகலின் இதற்கு இருந்த வழிகள் இரண்டே: குறையோடு வாழ்தல், அறவே இல்லாது போதல். வாழ்வு சிறிதேனும் நன்றாயின், இல்லாமையினும் அது மேற்பட்டதே. ஆகவே வளர்ப்போன் இதற்குத் தீங்கு செய்திலன். வாழ்வு வழங்கினான்' என்பது அவர் கூற்று. உடலே உயிரென்பார்க்கும், உடலோடு உயிர் புதிதாய்த் தோன்றும் என்பார்க்கும் இத்தடையை விலக்குதல் அரிது. துன்புற்றவர் எவரெனக் காட்டமாட்டாது அவர் இடர்ப்படுவர்.

சித்தாந்திகளுக்கு இத்தடை முதலிலேயே நில்லாது. உயிர் அனாதியே உள்பொருள். முட்டையில் உண்டாயது உடலேயன்றி உயிரன்று. அச்சேர்க்கை நிகழாதிருப்பினும் அவ்வுயிர் இன்மை யாகாது. முதல்வன் ஆணைவழி வேறோர் உடலிற் சென்றிருக்கும். ஆகலின் வளர்ப்போன் அதற்கு உண்மையை வழங்கினான் என்றல் பொருந்தாது. இருக்கின்ற ஓர் உயிர்க்கு இடையறாது நடுங்கும் வீடொன்றைச் சமைத்தற்கு உடன்பட்டான் என்பதே பொருந்தும். பிறர்க்குக் குடியிருக்க வீடு கட்டுவோன், இவ்வீடு இல்லையெனின் குடிவருவோனே இல்லை என்று கூறி ஒழுகுங் கூரையை நியாயமாக்குதல் கூடுமோ? உயிரின் நித்தியத்துவம் என்னுங் கொள்கை வீடுபேற்றின் ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதென்பார், அது கைம்முன் உள்ள ஒரு முட்டையின் அறத்தையும் தீர்ப்பதனை ஈண்டுக் கண்டுகொள்க.

இன்னும் ஒருசாரார், அவ்வுயிர் ஈண்டு நடுங்காவிடின் வேறோரிடத்து வேறொரு வகையால் அவ்வினையை நுகர்ந்தே தீருமாகலின், விலகி நிற்பதனால் வரும் ஊதியம் யாது எனக் கேட்பர். அவ்வுயிரின் கடன் எங்ஙனம், எக்காலத்து, எதனாற் கழிதல் வேண்டும் என்பது முதல்வன் திருவுளத்தில் உள்ளது. அக்கடனைத் தண்டுதற்குத் தானே முன்வந்து நிற்பவன் பெறுவது தன் பெயரில் எழுதப்படும் வேறொரு கடனே. விலகி நிற்றலால் அவன் தன்னைக் காத்துக்கொள்கின்றான். இரக்கத்திற்குத் தன் நெஞ்சில் இடமும் வைக்கின்றான். இவையே ஊதியம்.

இக்குற்றத்தின் வேரினை நோக்குவார்க்கு அஃது அராக தத்துவத்தின் தொழிலாய் முடிதல் விளங்கும். கண்ணுக்கு இனியதொன்றைக் கண்டவழி அதன்கண் வேட்கை எழுதல் பசுத்துவமுடைய உயிர்க்கு இயல்பு. கருமையற்ற பாம்பைப் பெற்றவன் வெண்பாம்பை விழைந்தான். அதனைப் பெற்றவன் கோடுடையதனையும், கோடற்றதனையும், இதுகாறும் ஒருவரும் காணாத கூட்டத்தையும் விழைகின்றான். ஓக்கீட்டி என்னும் பெயரே இதற்குச் சான்று. முதலில் அது நிலத்தின் பெயர். பின்னர் அந்நிலத்துப் பாம்பின் பெயர். இக்காலத்தோ எந்நிலத்தினின்று வந்ததாயினும் அகன்ற கருங்கரை உடையதன் பெயராகப் பலரால் வழங்கப்படுகின்றது. அந்நிலத்து வழி வந்தனவே அப்பெயர்க்கு உரியன என்பாரும், தோற்றமே போதும் என்பாரும் தம்முள் வழக்கிடுகின்றனர். பொருளை மறந்து தோற்றத்தைப் பற்றுதல், உயிரை மறந்து உடலைப் பற்றும் பழைய மயக்கத்தின் சிறியதொரு படியாம்.

அங்ஙனமாயின் இப்பாம்பை வளர்ப்போர் யாவரும் குற்றமுடையரோ எனின், அல்லர். வண்ணம் வேறுபடுதல் தானே துன்பமன்று. கருமையற்ற மக்காச்சோளப் பாம்பு நன்கு பேணப்படின் இயல்பான நிறமுடையது போலவே பதினைந்து இருபது ஆண்டுகள் வாழ்தல் கூடும். திறந்த காட்டில் எளிதிற் பகைவர் கண்ணிற் படுதற்குரிய நிறமுடையது, கூட்டில் அவ்வச்சம் இன்றி வாழ்கின்றது. உரிய வெம்மையும் ஒளிதற்கு மறைவிடமும் தூய நீரும் அமைத்து அதனைக் காப்பவன், தன் பொறுப்பில் வந்த உயிர்க்கு நன்மையே செய்கின்றான். ஆகலின் நிறத்தை நோக்கிக் குற்றந் துணிதல் கூடாது; துன்பத்தை நோக்கியே துணிதல் வேண்டும்.

அத்துணிபிற்கு அறிவே எல்லையாம். நலமுடையன போலத் தோன்றும் இரு பாம்புகளைச் சேர்த்தவழி முதன்முறை குறையுடைய குட்டி பிறக்குமாயின், வளர்ப்போன் அறியாது செய்தானாவன். அவன் பால் இரக்கமே உரியது. ஆனால் அக்குட்டியைக் கண்ட அந்நொடியே, தாய் தந்தை இரண்டும் அக்குறையின் வித்தைத் தாங்கியன என்பது அவனுக்கு ஐயமின்றித் தெரிந்துவிட்டது. அறிந்த பின்னரும் அவ்விரண்டனையும் மீண்டுஞ் சேர்த்து, நாலில் மூன்று நலமாகப் பிறக்குமன்றோ என ஆறுதல் கூறிக்கொள்வானாயின், எஞ்சிய நாலாவதனை அவன் விலையாக வைத்தான். நலமாகப் பிறந்தனவற்றை அவற்றின் வழியை மறைத்து விற்பானாயின், வாங்கியவனது அறியாமையிலும் தன் பங்கினை ஏற்றுக்கொண்டான். கோலத்தோடு நடுக்கம் பிரியாது வரும் மலைப்பாம்பின் வகையிலோ, அக்கோலத்தை வேண்டுதலே நடுக்கத்தை வேண்டுதலாம். அங்கே ஐயத்திற்கு இடமில்லை. அவ்வகையைப் பெருக்காது விடுதலே அறம். ஏற்கெனவே பிறந்து நடுங்கும் உயிர்களையோ எனின், வேண்டாதன என விலக்காது, இரை கொள்ளுதற்கும் புரளாது கிடத்தற்கும் உதவிக் கடைபோகக் காத்தல் வேண்டும். வினையை நுகரும் உயிர்க்கு அந்நுகர்ச்சியினிடையே ஒரு கை துணையாதலும் திருவருளின் வழியே யாம்.

சிவபெருமான் பாம்பினை அணியாகப் பூண்டான். அப்பெருமான் அழகியதைத் தெரிந்து பூண்டானல்லன். கொல்லற்கு வந்ததனையும் அஞ்சி அடைந்ததனையும் ஒப்பத் தன் மேனியில் இடந்தந்து வாழ்வித்தான். அவ்வணியைக் கண்டு தொழும் அடியார்க்கு ஓர் உயிரின் செதில் எந்நிறத்தது என்பது காட்சியளவில் நிற்பது. அச்செதிலினுள் இருந்து வருந்துவது தம்மைப் போன்றதோர் உயிர் என்பதே நெஞ்சிற் பதிவது. உடலை அமைத்து உயிரொடு கூட்டுதல் முதல்வன் தொழில். அக்கூட்டத்தின்கண் தன் வேட்கையால் ஒரு நடுக்கத்தைச் சேர்க்காதிருத்தலும், சேர்ந்ததனைக் கண்டுழி இரங்கிக் காத்தலுமே மக்களுக்கு உரிய தொழில்.

திருச்சிற்றம்பலம்.